பழைய டீசல் காரில் வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர்: பொருத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

பழைய டீசல் காரில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப்போனால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன் வேக்குவம் பம்பைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் தட்டு காற்று வழியை அடைப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் தானாகவே உண்டாகும். பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர் அதை வைத்தே ஓடிவிடும். பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் அந்தத் தட்டு கிடையாது, காற்று தடையில்லாமல் உள்ளே போகும். அதனால் பூஸ்டருக்கென்று தனியாக ஒரு பம்ப் வேண்டும்.

அந்தப் பம்பை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் வைத்தது. பழைய மெர்சிடிஸ் டீசல்களில் இன்ஜினின் முன்பக்கம் பிஸ்டன் வகை பம்ப் இருக்கும். சில இன்ஜின்களில் கேம்ஷாஃப்டின் கடைசியில் இருக்கும். டொயோட்டா 2எல், இசுசு 4ஜேபி1, மிட்சுபிஷி 4டி56 போன்ற ஜப்பானிய டீசல்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பம்பை மாட்டிவிட்டார்கள். ஒரே பெல்ட்டில் சார்ஜும் வெற்றிடமும் கிடைத்துவிடும். உங்கள் காரின் சொந்தப் பம்ப் தேய்ந்து உதிரிபாகமும் கிடைக்காதபோதும், பூஸ்டரே இல்லாத காருக்குப் பூஸ்டர் வைக்கும்போதும், பெட்ரோல் கார் டீசல் இன்ஜினுக்கு மாறும்போதும் இந்த யூனிட் கைகொடுக்கும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு இது சார்ஜிங் வேலை போலத் தெரியும். செய்வது பிரேக் வேலை, அதில் பாதி ஆயில் வேலை. மின்சாரப் பக்கம் தவறினால் பெரும்பாலும் பேட்டரி இறங்குவதோடு போய்விடும். ஆயில் பக்கம் தவறினால் இன்ஜின் போகும், வெற்றிடப் பக்கம் தவறினால் பிரேக் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் வயரிங்குக்குக் கொஞ்சம் இடமும் ஆயில் குழாய்களுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

சொந்தப் பம்பைச் சரிசெய்ய முடிந்தால் அதையே செய்யுங்கள். டயாஃப்ரமோ வால்வோ கிடைக்கிற பம்பைத் தூக்கிவிட்டு இதை மாட்டுவதில் லாபமில்லை. இன்ஜினில் ஆயில் திரும்புவதற்கு நல்ல இடமே அமையவில்லை என்றால் மின்சார வேக்குவம் பம்புதான் சரியான வழி. பிரேக் சம்பந்தப்பட்ட மாற்றத்துக்கு உங்கள் பகுதியில் அனுமதியோ பரிசோதனையோ தேவையா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பம்புக்குள் என்ன நடக்கிறது

ஆல்டர்னேட்டரின் ஷாஃப்ட் பின்பக்கமாக நீண்டு, நுனியில் பல் வெட்டியிருக்கும். அதில் ஒரு சின்ன ரோட்டர் உட்காரும். ரோட்டரின் காடிகளில் தகடுகள் தளர்வாக நிற்கும். சுழலும்போது அவை வெளியே வீசப்பட்டு, மையம் விலகிய உறையின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடும். ஒரு பக்கம் இடம் விரிவதால் பூஸ்டரிலிருந்து காற்று உறிஞ்சப்படும். மறுபக்கம் இடம் சுருங்குவதால் அந்தக் காற்று வெளியே தள்ளப்படும்.

இதற்கு ஆயில் இல்லாமல் முடியாது. இன்ஜினின் பிரஷர் லைனிலிருந்து வரும் கொஞ்சம் ஆயில்தான் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைக்கிறது, உரசலைத் தணிக்கிறது, சூட்டை எடுத்துப்போகிறது. பிறகு அந்த ஆயிலும் உறிஞ்சிய காற்றும் ஒன்றாகக் கலந்து, நுரையாக, ஒரே குழாய் வழியே இன்ஜினுக்குத் திரும்புகின்றன. இந்த நுரைதான் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம்.

ஆக, பம்பில் மூன்று வாய்கள் இருக்கும். மெல்லிய வாய் ஆயில் வருவதற்கு. தடித்தது ஆயில் திரும்புவதற்கு. மூன்றாவது பூஸ்டருக்குப் போவது. அதன் பாதையில் எங்காவது, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு செக் வால்வு இருக்கும்.

எந்த யூனிட்டை எடுப்பது

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். இந்த வகை ஆல்டர்னேட்டர்களில் 24 வோல்ட் யூனிட்டுகள் நிறைய உண்டு, ஏனென்றால் லாரிகளிலும் சில பெரிய ஜீப் வகை வண்டிகளிலும் 24 வோல்ட்தான். வெளியே இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லேபிள் அழிந்திருந்தால் பெஞ்சில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது சுழலும் திசை. இன்ஜின் ஒரு திசையில் மட்டும்தான் சுழலும், பம்பும் ஒரு திசையில் மட்டும்தான் உறிஞ்சும். புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் பெரும்பாலான யூனிட்டுகள் கடிகாரத் திசையில் சுழல்பவை. உங்கள் இன்ஜினில் பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பம்பின் அளவை பூஸ்டரோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் பூஸ்டருக்குச் சமமான, அல்லது அதைவிடப் பெரிய பூஸ்டர் உள்ள வண்டியிலிருந்து வந்த பம்ப் என்றால் கவலையில்லை. பூஸ்டர் செய்யும் வேலை சின்னதில்லை. 9 இன்ச் டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. பூஸ்டரில் 500 மி.மீ. பாதரச அளவு வெற்றிடம் இருந்தால், கணக்குப்படி அதன்மேல் சுமார் 280 கிலோ விசை அழுத்தும். சின்னப் பம்பும் கடைசியில் அந்த அளவை எட்டும், ஆனால் அடுத்தடுத்து பிரேக் அடிக்கும்போது பின்தங்கிவிடும்.

முடிந்தால் ஆல்டர்னேட்டரோடு பேன்ஜோ போல்ட் (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்), ஆயில் பைப், செக் வால்வு எல்லாவற்றையும் அதே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்குங்கள். பல யூனிட்டுகளில் பேன்ஜோ போல்ட்டின் துளையோ பம்பின் உள்துளையோதான் ஆயில் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு பெரிய துளையுள்ள போல்ட்டை மாட்டினால் பம்புக்குள் வெள்ளம்தான்.

மாட்டும் முன் பிரித்துப் பாருங்கள்

பழைய யூனிட் என்றால் பம்பின் மூடியைக் கழற்றாமல் மாட்டவே மாட்டாதீர்கள். மூன்று நான்கு போல்ட்தான். உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கோடு இருந்தால் அந்த உறை வேண்டாம். தகடுகளின் ஓரம் உடைந்திருக்கிறதா, காடியில் தடையில்லாமல் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். திரும்ப வைக்கும்போது உருண்டையான ஓரம் வெளிப்பக்கம், சுவரைப் பார்த்து வர வேண்டும். மாற்றி வைத்தால் சில நாளிலேயே சுவரைச் செதுக்கிவிடும்.

ரோட்டருக்குப் பின்னால், ஆல்டர்னேட்டரின் பின் பேரிங்குக்கு முன்னால், ஒரு ஆயில் சீல் இருக்கும். அதன் விலை குறைவுதான், ஆனால் அது கசிந்தால் ஆயில் நேராக ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி பிரஷ்ஷை நனைத்துவிடும். கையோடு சீலையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பிராக்கெட், புல்லி, பெல்ட்

பம்ப் இருப்பதால் இந்த ஆல்டர்னேட்டர் பின்பக்கம் நீளமாக இருக்கும். குழாய்கள் வளைவதற்கும் இடம் வேண்டும். சேசிஸ், ஸ்டியரிங் ராட், எக்ஸாஸ்ட் எதுவும் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆக்சிலரேட்டரில் ஆடும்போதும் இடிக்கக் கூடாது.

பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். பிறகு 6 முதல் 8 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்யுங்கள். எல்லாப் பிடிகளும் இன்ஜின் பிளாக்கில்தான் இருக்க வேண்டும். ஒரு கால் பிளாக்கிலும் ஒரு கால் சேசிஸிலும் இருந்தால் விரிசல் விடும். பம்பின் திரும்பும் வாய் கீழ்நோக்கி வரும்படி யூனிட்டைத் திருப்பி வைக்க வேண்டும். சில யூனிட்டுகளில் போல்ட்டைக் கழற்றி பம்ப் உறையையே வேறு கோணத்தில் திருப்பி மாட்டலாம். அது முடியாத யூனிட்டில் வாய் பக்கவாட்டில்தான் வருகிறது, அதற்கு மேலே தூக்கவும் இடமில்லை என்றால் வேறு யூனிட்டைத் தேடுங்கள்.

இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகலுக்கு மேல் நான் விடுவதில்லை. பெல்ட் கோணலாக ஓடினால் சீக்கிரம் தேயும், இங்கே பெல்ட் அறுந்தால் பிரேக் உதவியும் சேர்ந்தே போகும்.

புல்லியின் விட்டத்தைக் கணக்குப் போடாமல் விடாதீர்கள். யூனிட் வந்த வண்டியில் கிராங்க் புல்லி 140 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.15. அந்த இன்ஜின் 4,500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பம்ப் சுமார் 9,700 சுற்று சுற்றும். உங்கள் கிராங்க் புல்லி 170 மி.மீ. என்றால் அதே வேகத்தில் பம்ப் 11,700-ஐத் தாண்டும். தகடுகளும் சீலும் அதற்குத் தாங்காது. மாறாக உங்கள் கிராங்க் புல்லி சின்னதாக இருந்தால் ஐடிலிங்கில் சார்ஜும் குறையும், வெற்றிடமும் மெதுவாக ஏறும். ஆல்டர்னேட்டர் புல்லியை லேத்தில் செய்தாவது பழைய விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

ஆயில் வரும் வழி

ஆயில் எடுப்பதற்குச் சுலபமான இடம் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளை. அங்கே ஒரு டீ (T வடிவில் மூன்று வாயுள்ள இணைப்பு) வைத்தால் சுவிட்சும் இருக்கும், பம்புக்கும் ஆயில் கிடைக்கும். ஆனால் பித்தளை டீயை நேராக பிளாக்கில் முறுக்கி, அதன் தலையில் சுவிட்சையும் குழாயையும் தொங்கவிடாதீர்கள். டீசல் இன்ஜினின் அதிர்வில் அந்தக் கழுத்து ஒருநாள் முறியும், முறிந்தால் ஆயில் முழுவதும் ரோட்டில்தான். பிளாக்கில் ஒரு இரும்பு நிப்பிள் மட்டும் வையுங்கள். அதிலிருந்து பிரஷர் தாங்கும் பின்னல் ஹோஸ் போட்டு, டீயைப் பக்கத்தில் ஒரு பிராக்கெட்டில் இறுக்கிப் பிடியுங்கள்.

மரையைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். கால் இன்ச்சில் பாதி அளவுள்ள பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய்) மரையில் ஒரு இன்ச்சுக்கு 28 சுற்று, அதே அளவு என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்) மரையில் 27. ஒன்றில் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும், இறுக்கினால் பிளாக் வெடிக்கும். மரை கேஜ் வைத்துப் பாருங்கள்.

பம்ப் முனையில் ஹோஸ் கொஞ்சம் தளர்வாக வளைந்து வர வேண்டும். பெல்ட் டைட் பண்ணும்போது ஆல்டர்னேட்டர் நகரும். விறைப்பான பைப் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் பேன்ஜோவை முறுக்கிப் பார்க்கும். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு அருகே போகிறதென்றால் சூடு தாங்கும் உறையும் வேண்டும்.

ஆயில் திரும்பும் வழி

இந்த மாற்றம் நிலைக்குமா நிலைக்காதா என்பதை இந்த ஒரு குழாய்தான் முடிவுசெய்கிறது. வருகிற ஆயில் பிரஷரில் வருகிறது. திரும்புகிற ஆயிலோ தன் எடையால் மட்டும் இறங்குகிறது, அதுவும் காற்றோடு கலந்த நுரையாக. குழாயின் உள்விட்டம் பம்பின் வாயை விடக் குறையவே கூடாது. பம்பிலிருந்து இன்ஜின் வரை கீழ்நோக்கிய சரிவு தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் குழாய் தொய்ந்து மேலேறினாலும் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கும். பின்னால் வரும் நுரை அதைத் தள்ள முடியாமல் பம்ப் நிரம்பும். நிரம்பிய பம்பில் தகடு உடையும், சீல் வழியே ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் போகும், பூஸ்டர் ஹோஸ் பக்கமும் ஏறும்.

எங்கே இணைப்பது? பிளாக்கின் பக்கத்தில் மூடிபோட்ட துளையோ, பயன்படாத மெக்கானிக்கல் ஃபீட் பம்பின் (டீசலை இழுக்கும் பம்ப்) இடமோ இருந்தால் அதுதான் முதல் தேர்வு. அங்கே ஒரு தகடு வெட்டி அதில் குழாய் வாயை வெல்டு செய்து கேஸ்கட்டோடு மாட்டிவிடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் மேல்பகுதி. ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கிராங்க் வீசும் ஆயில் நேராக அந்த வாயில் அடிக்காத பக்கமாகவும் இருக்க வேண்டும்.

சம்ப்பைக் கழற்றித்தான் துளை போட வேண்டும். கிரீஸ் தடவிய டிரில்லில் வண்டியிலேயே துளை போட்டுவிடலாம், தூள் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஒட்டாமல் உள்ளே விழுந்த ஒரு இரும்புத் துகள் போதும், ஆயில் பம்ப் அதைத் தேடிப் பிடித்துவிடும். சம்ப்பைக் கழற்றி, கழுவி, துளை போட்டு, வாயை வெல்டு செய்து, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஹோஸ் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டு அளவில் சரியாக உட்காரும், ஆனால் அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உட்சுவர் உரிந்து குழாயையே அடைத்துவிடும்.

பூஸ்டர் பக்கம்

வெற்றிட ஹோஸ் தடித்த சுவருள்ளதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். செக் வால்வில் வாயை வைத்து ஊதிப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்: பூஸ்டரிலிருந்து பம்புக்குக் காற்று போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. இந்த வால்வு இரண்டு வேலை செய்கிறது. இன்ஜின் நின்ற பிறகும் பூஸ்டரில் வெற்றிடத்தைப் பிடித்து வைக்கிறது. பம்பில் தேங்கிய ஆயில் பூஸ்டருக்குள் உறிஞ்சப்படாமலும் தடுக்கிறது. ஆயில் பட்டால் பூஸ்டரின் ரப்பர் கெட்டுவிடும்.

சில பழைய கார்களில் டோர் லாக், இன்ஜினை நிறுத்தும் வால்வு எல்லாமே வெற்றிடத்தில் ஓடும். மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் அப்படித்தான். அந்தக் கிளையைப் பிரேக் செக் வால்வுக்கும் பம்புக்கும் நடுவிலிருந்து எடுங்கள், அதற்கும் தனியாக ஒரு செக் வால்வு வையுங்கள். கதவில் ஒரு குழாய் கிழிந்தாலும் பூஸ்டரில் இருக்கும் இருப்பு அப்படியே நிற்கும்.

கூடவே ஒரு வெற்றிட சுவிட்சையும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட்டையும் வைத்துவிடுங்கள். பெல்ட் அறுந்தால் பேட்டரி லைட் எரியும், ஆனால் ஓட்டுபவர் அதைப் பிரேக்கோடு சேர்த்து நினைக்க மாட்டார். பிறகு பூஸ்டரில் மீதியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான்.

வயரிங்

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மிகப் பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அப்படியே ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். பழைய வெளி ரெகுலேட்டரை விலக்கிவிடுங்கள், இந்த யூனிட்டுகளில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

பேட்டரிக்குப் போகும் மெயின் கேபிளைப் புதிதாகப் போடுங்கள். 60 ஆம்பியர் யூனிட்டுக்கு 16 சதுர மி.மீ. செம்பு கேபிள் போதும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் வேண்டும். டேஷ்போர்டில் பழைய ஆம்மீட்டர் இருந்தால் மொத்தக் கரண்ட்டும் அதன் வழியே போகவிடாதீர்கள், சூடாகித் தீப்பிடிக்கலாம். சார்ஜ் லைட்டுக்குச் சாதாரண பல்பையே வையுங்கள். பல யூனிட்டுகளில் அந்தப் பல்பு வழியே வரும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது, எல்.இ.டி. மட்டும் வைத்தால் சார்ஜ் தொடங்காமல் போகலாம்.

முதல் ஸ்டார்ட்டும் சோதனையும்

பம்புக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் சரியான திசையில் சுற்றுங்கள். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். நிரம்பிய பம்பை ஸ்டார்ட்டர் சுற்றினால் தகடு போகும். டீசல் சப்ளையை நிறுத்திவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை கிராங்க் செய்யுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு ஆயில் மூட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெற்றிட கேஜை டீ போட்டு மாட்டுங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். நல்ல பம்ப் 600-ஐத் தாண்டி 700 வரை இழுக்கும். உயரமான ஊரில் இந்த எண்கள் குறையும்: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சுமார் 635-தான், எனவே அங்கே கேஜ் குறைவாகக் காட்டுவதைப் பம்பின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினை நிறுத்தினால் முள் சட்டென்று விழக் கூடாது. விழுந்தால் செக் வால்விலோ ஹோஸிலோ பூஸ்டரிலோ கசிவு. சார்ஜிங் வோல்ட் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து பெடல். இன்ஜின் நின்றிருக்கும்போது பெடல் இறுகும் வரை பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். காலை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்துங்கள். அரை நிமிடம் வரை பெடல் காலைத் தள்ளக் கூடாது. இவை எல்லாம் சரியென்றால் ஆளில்லாத சமதரையில், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடுத்தடுத்து நான்கைந்து முறை பிரேக் அடித்தாலும் பெடல் இறுகக் கூடாது. சரிவிலும் நெரிசலிலும் ஓட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு

முதல் சில நாட்கள் தினமும் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பெல்ட் புதிது என்றால் நீளும், மறுபடி டைட் பண்ண வேண்டியிருக்கும். பூஸ்டர் ஹோஸை ஒருமுறை கழற்றி விரலால் உள்ளே துடைத்துப் பாருங்கள். ஆயில் ஒட்டினால் செக் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது திரும்பும் குழாயில் தேக்கம் இருக்கிறது.

பிற்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் புகையும் காற்றும் அதிகமாக அடிக்கிறது, பிரீதரில் (இன்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) ஆயில் கக்குகிறது என்று தெரிந்தால் உடனே பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். பம்ப் உறிஞ்சும் காற்றெல்லாம் கிராங்க் கேஸுக்குள்தான் போகிறது. பூஸ்டரில் ஒரு கசிவு இருந்தால் பம்ப் நிற்காமல் வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே, பம்பின் வெற்றிட வாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, வாயை ரப்பர் மூடியால் அடைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். ஆயில் மூடி வழியே அடிக்கும் காற்று குறைந்துவிட்டால் கோளாறு பூஸ்டர் பக்கம். குறையவில்லை என்றால்தான் ரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஹோஸை மாட்டி, கிளாம்பை இறுக்கி, பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.